சொருகியது வந்ததா? புறச் சேமிப்பக இருப்பு குறித்த ஓர் ஆய்வு

பென் டிரைவைச் சொருகிவிட்டு 'வந்துருச்சாண்ணே?' என்று கேட்பது, நம் ஜெராக்ஸ் கடைகளில் நாள்தோறும் எழும் மெய்யியல் வினா. 'இல்ல தம்பி, கழட்டித் திருப்பிப் போடுங்க' என்பது மரபுவழி விடை. யூஎஸ்பி முனையை முதல் தடவையே சரியாகச் சொருகியவர் உண்டா என்பது தனி ஆய்வுக்குரியதாகையால் இங்கே தவிர்க்கப்படுகிறது. வந்ததை ஒரு ஸ்கிரிப்ட் எங்ஙனம் அறியும் என்பதே நம் பொருள்.

சைவ சித்தாந்திகள் அறியும் வழிகளைக் காண்டல், கருதல், உரை என மூன்றில் அடக்கினர். லினக்ஸுக்கும் இவை போதும். காண்டலாவது வட்டின் விளக்கு மினுக்குவது. ஸ்கிரிப்டுக்குக் கண் இல்லை. ஆகவே மேலே செல்வோம்.

உரையாவது வட்டு தன்னைப் பற்றித் தானே சொல்வது. ஒவ்வொரு வட்டுக்கும் 'ரிமூவபிள்' என்றொரு கோப்பைக் கெர்னல் காட்டுகிறது. திறந்தால் ஒற்றை இலக்கம்: கழற்றத்தக்கது என்றால் 1, இல்லையேல் 0. இக்கட்டுரையாளரின் முதல் ஸ்கிரிப்ட் இதைத்தான் நம்பியது. பென் டிரைவ் 1 என்றது, மகிழ்ச்சி. அடுத்து, முழ நீள கேபிளில் மேசை விளிம்பில் தொங்கிய 1 டிபி ஹார்ட் டிஸ்க் 0 என்றது. கையில் தூக்கிக் காட்டியும் தன் கூற்றை மாற்றிக்கொள்ளவில்லை.

குற்றம் அதன் மேல் இல்லை. 'கழற்றத்தக்கது' என்பது பெட்டியைக் கணினியிலிருந்து கழற்றுவதைப் பற்றியதே அல்ல. பெட்டிக்குள் இருப்பதைப் பெட்டியிலிருந்து கழற்றுவதைப் பற்றியது. பிளாப்பி, சிடி காலத்து வழக்கு. ஹார்ட் டிஸ்கின் தகட்டை யாரும் உருவி எடுப்பதில்லை. 0 என்றது சத்தியம். பென் டிரைவின் சிப்பையும் யாரும் உருவுவதில்லை. அது 1 என்றதுதான் புளுகு. நாம் மெச்சியது பொய்யனை, வைதது அரிச்சந்திரனை. விண்டோஸிலும் இதே கூத்து: பென் டிரைவுக்கு வகை எண் 2, வெளி ஹார்ட் டிஸ்குக்கு உள்வட்டுக்குரிய 3. மீண்டும் லினக்ஸுக்கு வந்தால், காலியான கார்டு ரீடரோ 1 என்று சொல்லிக்கொண்டு அளவைக் கேட்டால் 0 என்கிறது. இலை போட்டாயிற்று, சோறு இல்லை.

எஞ்சுவது கருதல். சொருகுமுன் ஒரு பட்டியல், சொருகியபின் ஒரு பட்டியல். கழித்தால் மீதி வந்தவர். வாசலில் கூடியிருக்கும் செருப்பை வைத்து விருந்தாளியைக் கணக்கிடும் முறை இது. ஆனால் நாம் எண்ணத் தொடங்குமுன்னே உள்ளே வந்து உட்கார்ந்தவரை இது காணாது.

ஆகவே நம் ஊர்ப் பெரியவர்கள் வழியே சிறந்தது: பேரைக் கேட்காதே, எந்த வழியாக வந்தாய் என்று கேள். எல்எஸ்பிஎல்கே கட்டளையில் 'டிரான்' என்ற பத்தியைக் கேட்டால் சாட்டா, என்விஎம்இ, யூஎஸ்பி என்று வந்த வழி தெரிந்துவிடும். யூஎஸ்பியை மட்டும் பொறுக்கி, அளவு 0 உள்ளவற்றைத் தள்ளினால் போதும். ஸ்கிரிப்ட் நான்கே வரி.

அதை ஓட்டியபோது இரண்டு வட்டுகள் வந்தன. சொருகியிருந்தது ஒன்று. ஸ்கிரிப்டை மூன்று முறை திருத்தியும் இரண்டே வந்தன. பிறகு சிபியூவைச் சுவரிலிருந்து நகர்த்திப் பார்த்ததில், நூலாம்படைக்கு நடுவே, தீபாவளி முதல் காணவில்லை என்று மருமகனைத் திட்டிக்கொண்டிருந்த 8 ஜிபி பென் டிரைவ் பின்பக்கத் துளையில் மினுக்கிக்கொண்டிருந்தது.