மூன்றாம் பதிப்பின் ரகசியம்

முன்பெல்லாம் சிறுபதிப்பாளர் 1,200 பிரதி அச்சிட்டு, நூலக ஆணை வரும்வரை கட்டிலுக்கடியில் அடுக்கிவைப்பார். இப்போது பிரிண்ட் ஆன் டிமாண்ட். 50 பிரதியே ஒரு பதிப்பு. டிசம்பரில் வெளியான நூல், ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்குள் மூன்றாம் பதிப்பு கண்டுவிடும். வெளியீட்டு விழாவில் பேசியவர்களுக்கு இலவசம், நண்பர்களுக்கு அன்பளிப்பு, விமர்சகர்களுக்குக் கூரியர் செலவோடு. வாசகருக்கு 10 சதவீதத் தள்ளுபடி. கடைக்காரர் கேட்பதோ அதைப்போல மூன்று மடங்கு. மிச்சத்தில் காகிதம், அச்சுக்கூலி, அரங்க வாடகை, ராயல்டி. அரங்குக்கு வருகிறவர் அட்டையைப் பாராட்டி, நூலோடு செல்ஃபி எடுத்து, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, "பிடிஎஃப் கிடைக்குமா சார்?" என்கிறார். ஐயா, வெளியே டெல்லி அப்பளத்தைப் பேரம் பேசாமல்தானே வாங்குகிறீர்கள்? அதே பெருந்தன்மையோடு உள்ளேயும் ஒரு பிரதி வாங்குங்கள்.