சுட்ட கத்தரிக்காய்ச் சம்பல்

யாழ்ப்பாணத்துச் சுட்ட கத்தரிக்காய்ச் சம்பலுக்கு முதல் தேவை தணல், கத்தரிக்காய் அடுத்தது. சோறு வடித்து இறக்கிய விறகடுப்பில் பனைமட்டையோ பனங்கொட்டை ஊமலோ எரிந்து அடங்கிய பிறகு, காயை இரண்டு இடத்தில் குத்திப் போட வேண்டும். குத்தாவிட்டால் உள்ளே நீராவி சேர்ந்து வெடிக்கும். குசினிச் சுவருக்கும் சம்பல் கிடைக்கும். தோல் முழுக்கக் கருகிக் காம்படி தளர்ந்ததும் உரித்து, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், உப்பு, தேங்காய் முதற்பால் சேர்த்துப் பிசைந்து, கடைசியில் தேசிக்காய்ப் புளி விடப்படும். உரித்த காயைத் தண்ணீரில் கழுவுவோரும் உண்டு. அவர்கள் அவித்தே தின்னலாம்.

புகைமணம் கருகிய தோலால் மட்டும் வருவதில்லை. விறகின் லிக்னின் வெப்பத்தில் சிதையும்போது எழும் குவையக்கோல் போன்ற சேர்மங்களுக்கே அதில் பெரும் பங்கு. எரிவாயு அடுப்பு தோலைக் கருக்கும். இந்தப் புகையைத் தராது. 2022இல் இலங்கையில் சிலிண்டர் கிடைக்காமல் போனபோது, பல வீடுகளுக்கு விறகடுப்பு திரும்பி வந்தது. அரசின் சாதனைப் பட்டியலில் இது ஏனோ இடம்பெறவில்லை.

கருக்கிச் சுவை எடுப்பது யாழ்ப்பாணத்தில் மட்டுமல்ல. மெக்சிக்கோவில் தக்காளியையும் மிளகாயையும் கோமால் தட்டில் கருக்கி, எரிமலைக்கல் உரலில் அரைத்தால் சல்சா. அந்தப் பக்கத்து மிளகாயை இங்கே கொண்டுவந்த போர்த்துக்கேயர் 1619இல் யாழ்ப்பாண இராச்சியத்தை எடுத்துக்கொண்டார்கள். பண்டமாற்று என்றால் விலை கொஞ்சம் அதிகம்.

புலம்பெயர்ந்தோரின் ரொறன்ரோ அடுக்குமாடிகளில் புகை அலாரத்துக்குப் பயந்து கத்தரிக்காய் ஓவனுக்குள் வேகிறது. மணம் வேண்டுவோருக்குப் போத்தலில் அடைத்த திரவப் புகை கடையில் உண்டு.