பெயருக்குப் பின்னால் நாலெழுத்து

வன்னியில் கலியாண அழைப்பிதழோ மரண அறிவித்தலோ அச்சடிக்கக் கொடுத்தால், பெயருக்குப் பின்னால் ‘ஜே.பி.’ இல்லாத இடத்தில் அச்சகக்காரரே எழுத்து ஏதும் விட்டுப்போச்சோ என்று கேட்பார். இத்தனை சமாதான நீதவான்கள் இருந்தும் சமாதானம் வர முப்பது வருசம் பிடித்தது வேறு கதை. சங்கங்களுக்கும் நம்மிடம் பஞ்சமில்லை. கமக்கார அமைப்பு, கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் சங்கம், ஆலய பரிபாலன சபை, எல்லாரையும் ஒருநாள் வழியனுப்பிவைக்க மரண சகாய சங்கம். தலைவர், செயலாளர், பொருளாளர் போதாதென்று மேடையின் நீளத்துக்கேற்பப் போஷகர்கள். ஆனால் குளக்கட்டுக்கும் வயலுக்கும் கீழே பழைய ஊர்கள் புதைந்து கிடக்கிற இந்த மண்ணில், தொல்லியல் சங்கம் ஒன்றுக்குச் சந்தா கட்டுகிறேன் என்று சொல்கிறவரைக் காண்பது அரிது. கட்ட வேண்டும் என்பது என் கட்சி. அதனால் கிடைக்கும் பட்ட எழுத்துகளை மட்டும் நம்பிவிடக் கூடாது.

எழுத்துகளின் கதை நீளமானது. பிரித்தானியாவில் தொல்லியலாளர்களின் நிறுவனம் 2014இல் அரச பட்டயம் வாங்கியது. அங்கே அனுபவம் ஏற ஏறப் பெயருக்குப் பின்னால் வரும் எழுத்துகளும் மாறும், பொலிசாரின் தோள்பட்டை மாதிரி. 1707இல் தொடங்கிய லண்டன் தொல்பொருளாளர் சங்கத்தில் நானும் வருகிறேன் என்று நீங்களாகக் கேட்பது நெடுங்காலம் வழக்கமில்லை; உள்ளே இருப்பவர்கள் ஒரு நீலத்தாளில் உங்களை முன்மொழிந்து கையெழுத்திட வேண்டியிருந்தது. கல்கத்தாவின் ஆசியவியல் சங்கம் இன்னும் ஒரு படி மேல். அது 1784இல் பிறந்தது, ஆனால் இந்தியர்களை உறுப்பினராக எடுத்தது 1829இல்தான். இந்தியாவின் பழமையைப் பற்றிக் கூடிப் பேச இந்தியர் தேவைப்பட நாற்பத்தைந்து வருசம் எடுத்திருக்கிறது.

சரி, இந்த வாசல்காரர்கள் உள்ளே விட்டவர்கள்தான் எல்லாவற்றையும் கண்டுபிடித்தார்களா என்றால், அதுவும் இல்லை. 1837இல் பிராமி எழுத்தின் பூட்டைத் திறந்த ஜேம்ஸ் பிரின்செப் நாணயசாலையில் உலோகம் பரிசோதித்தவர். 1952இல் கிரேக்கரின் ‘லீனியர் பி’ எழுத்தை வாசித்த மைக்கேல் வென்ட்ரிஸ் கட்டடக் கலைஞர். தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகளைத் தொகுத்து 2003இல் பெருநூலாக்கிய ஐராவதம் மகாதேவன் ஐ.ஏ.எஸ். அதிகாரி. நம் பக்கத்துக்கு வந்தால், பழங்காலக் குளங்களின் துருசுக் கிணறு எப்படி வேலை செய்தது என்று ஆராய்ந்து எழுதிய ஹென்றி பார்க்கர் நீர்ப்பாசனப் பொறியியலாளர். வவுனியா, முல்லைத்தீவு மாவட்டங்களைப் பற்றி 1895இல் கைநூல் எழுதிய ஜே.பி. லூயிஸ் சிவில் சேவைக்காரர். அவருடைய ஜே.பி. பெயருக்கு முன்னால் வருவது. அது அப்பா அம்மா வைத்தது.

அப்படியானால் சங்கம் எதற்கு? பிரின்செப் அதே கல்கத்தாச் சங்கத்தின் செயலாளராகவும் இருந்தார். மூலை முடுக்கிலிருந்தெல்லாம் கல்வெட்டுப் படிகளும் நாணயங்களும் அவர் மேசைக்கு வந்தன. சங்கத்தின் சஞ்சிகையில் அச்சேறின. வென்ட்ரிஸும் தன் குறிப்புகளைப் படியெடுத்து அறிஞர்களுக்குத் தபாலில் அனுப்பிக்கொண்டே இருந்தார். ஒரு மனிதனின் சந்தேகம் இன்னொருவனின் மேசைக்குத் திகதியோடு போய்ச் சேருவதற்குப் பெயர்தான் சங்கம். பொன்னாடையும் ஆசியுரையும் பிற்சேர்க்கை. தமிழகத் தொல்லியல் கழகத்தின் ‘ஆவணம்’ இதழ் செய்வதும் இதைத்தான்: யாரோ ஒருவர் எங்கோ பார்த்த கல்லைப் படித்து, ஊர்ப்பெயரோடு அச்சில் ஏற்றிவிடுகிறது. கல் நாளைக்கு ரோட்டுக்கு ஜல்லியாகலாம். வாசகம் இருக்கும்.

இங்கே என்ன நடக்கிறது? உழும்போது ஒரு மட்பாண்ட ஓடு மேலே வருகிறது. உள்பக்கம் கறுப்பு, வெளிப்பக்கம் சிவப்பு. பானையைக் கவிழ்த்துவைத்துச் சுட்டதால், உள்ளே காற்றுப் புகாமல் கரி ஏறி, வெளியே காற்றுப்பட்டுச் சிவந்தது. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் பெருங்கற்காலத்தோடு சேர்த்துப் பேசப்படும் ஓடு. உழவு இயந்திரக்காரருக்கு அது டயரைக் கிழிக்கும் சாமான். வரம்பில் எறிவார். படித்த பிள்ளை வீட்டிலிருந்தால் அலுமாரியில் வைக்கும். அடுத்த பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது அம்மா வெளியே எறிவார். 2021இல் வவுனியா வளாகம் தனிப் பல்கலைக்கழகமானபோது இருந்தவை பிரயோக விஞ்ஞானம், வியாபாரம், தொழில்நுட்பம் என்ற பீடங்கள். தொல்லியல் படிக்க ஆசைப்பட்ட பிள்ளை யாழ்ப்பாணத்துக்குப் பஸ் ஏற வேண்டும். ஓட்டுக்கு அந்த வசதியும் இல்லை.

தடை சொல்பவர்கள் சும்மா சொல்லவில்லை. வெளிநாட்டுச் சங்கங்களின் சந்தாவை ரூபாயில் பெருக்கிப் பார்த்தால் நெஞ்சு அடைக்கும், படிவமும் ஆங்கிலத்தில். உண்மை. ஆனால் உலக மரபுச் சின்னங்களுக்கு ஆலோசனை சொல்லும் ‘இக்கோமோஸ்’ சபைக்கு 1990 முதல் 1999 வரை தலைவராக இருந்தவர் இலங்கையின் ரோலண்ட் சில்வா. வாசல் பூட்டிக் கிடக்கவில்லை. நாம் தட்டுவது குறைவு. இன்னும் கனமான தடை ஒன்றுண்டு: தகவல் சொன்னால் வயலில் பலகை நடுவார்கள், பிறகு காணி யாருடையது என்று கச்சேரிக்கு அலைய வேண்டும். ஆலய வழிபாடும் தொல்பொருள் திணைக்களமும் மோதிக்கொண்ட வெடுக்குநாறி மலையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இந்தப் பயத்தைச் சிரித்து ஒதுக்க முடியாது. 2020 ஜூனில் கிழக்கு மாகாணத் தொல்பொருட்களுக்கென்று ஜனாதிபதி செயலணி அமைந்தபோது, பாதுகாப்புச் செயலாளர் தலைவர். பிக்குகள் இருந்தார்கள், தொல்லியலாளர்கள் இருந்தார்கள், ஒரு தொலைக்காட்சி நிறுவனத்தின் தலைவர்கூட இருந்தார். முதல் பட்டியலில் தமிழரோ முஸ்லிமோ ஒருவரும் இல்லை. நீலத்தாள்கூடத் தேவைப்படாத அங்கத்துவம்! நாம் சங்கத்தில் இருந்திருந்தால் அழைத்திருப்பார்களா? மாட்டார்கள். ஆனால் சண்டை வரும்போது கையில் என்ன இருக்கிறது என்பது வேறு கேள்வி. லூயிஸின் கைநூலை இன்றைக்கும் தேடி எடுக்கிறோம். காரணம், தகராறுகள் தொடங்குவதற்கு முன்பே அவர் எழுதிவைத்துவிட்டார். ஓட்டைக் கண்ட நாளில் எடுத்த படமும் இடமும் திகதியும் சங்கத்தின் கடிதத் தலைப்பில் போனால், தனி ஆளின் முறைப்பாட்டைப் போல மேசைக்கடியில் தள்ள முடியாது.

கடைசித் தடை: ஊர்ச்சனத்துக்குத் தொல்லியல் ருசி காட்டினால் புதையல் தோண்டக் கிளம்பிவிடுவார்கள் என்பது. அவர்கள் கிளம்பிப் பல காலம் ஆகிறது, நம்மிடம் சந்தா கேட்காமலே. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் அனுமதிப்பத்திரம் இல்லாமல் தோண்டாதே என்கிறது. புதையல் கோஷ்டியோ பல்துறை ஆய்வுக்குழு: ஸ்கானர்காரர் ஒருவர், பெக்கோ ஓட்டுநர் ஒருவர், பூசாரி ஒருவர், காசு போடும் முதலாளி ஒருவர். பல்கலைக்கழகங்கள் ஏங்கும் நிதியுதவி. தலைவர் பதவிக்குச் சண்டை இல்லை, ஏனென்றால் பிடிபட்டால் தலைவர்தான் முதலாம் எதிரி. அவர்களிடம் இல்லாதது கூட்ட அறிக்கைப் புத்தகம் ஒன்றுதான். அதையும் பொலிசார் எழுதிக்கொடுத்துவிடுகிறார்கள். அலவாங்கு, மண்வெட்டி, ஸ்கானர், கற்பூரம், தேசிக்காய் என்று ஒவ்வொன்றாக எண்ணிப் பட்டியல் போட்டு நீதிமன்றத்தில் பாரப்படுத்துவார்கள். கிடங்கிலிருந்து வெளியே எறிந்த கறுப்புச் சிவப்பு ஓடுகள் அந்தப் பட்டியலில் வராது.