மைலேஜ் மாமா

கோவை அவிநாசி சாலையில் எந்த கார் ஷோரூமுக்குள் நுழைந்தாலும், சனிக்கிழமை காலையில் அவர் அங்கே இருப்பார். வெளுத்த சட்டை, சட்டைப்பையில் பேனா, கையில் சின்ன நோட்டு. ஆறு ஏர்பேக், தொடுதிரை, பின்சீட்டுக்குத் தனி ஏசி என்று விற்பனைப் பையன் மூச்சுவிடாமல் ஒப்பிப்பதைக் குறுக்கிடாமல் கேட்டுக்கொள்வார். முடிந்ததும் தொண்டையைச் செருமுவார்.

“அதெல்லாம் இருக்கட்டுங் தம்பி. லிட்டருக்கு எவ்வளவு குடுக்கும்?”

இதே கேள்வியை மாருதி ஒரு காலத்தில் இந்தியில் விளம்பரமாகவே எடுத்து ஓட்டியது. மாமாவுக்கு இந்தி தெரியாது. ஆனால் டிவியில் அதைப் பார்த்தபோது மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

“24 சார். புனே அராய் சான்றிதழே இருக்கு” என்பான் பையன். மாமா சிரிப்பார். அந்தச் சான்றிதழுக்கான மைலேஜ் சோதனை எப்படி நடக்கிறது என்பது அவருக்கு அத்துபடி. வண்டியை ஒரு கூடத்துக்குள் உருளைகளின் மேல் ஏற்றி, ஏசியை அணைத்துவிட்டு, 90 கி.மீ. வேகத்தைத் தாண்டாமல், இருபது நிமிஷத்துக்குள் முடித்துவிடுவார்கள். காந்திபுரம் சிக்னலும் கிடையாது, பின்சீட்டில் மாமியாரும் கிடையாது. “மாப்பிள்ளை வீட்டுக்காரங்க சொல்ற சம்பளம் மாதிரிங்க அது. கால்வாசி கழிச்சுக்கோணும்” என்று 18 என எழுதிக்கொள்வார்.

அவர் நம்புவது டேங்க் டு டேங்க் கணக்கை மட்டும்தான். டேங்கை நிரப்பி, டிரிப் மீட்டரைப் பூஜ்யமாக்கி, மறுபடி நிரப்பும்போது வகுத்துப் பார்ப்பது. பங்க் பையன் ரவுண்டாக இருக்கட்டுமே என்று இன்னும் கொஞ்சம் அழுத்தினால் போதும், அந்த மாதக் கணக்கே பாழ் என்று கத்துவார். விடிகாலையில்தான் பெட்ரோல் போடுவார். குளிரில் அடர்த்தி அதிகமாம். பூமிக்கடியில் இருக்கும் தொட்டிக்கு விடிந்ததே தெரியாது என்று சொல்லிப் பார்த்தாயிற்று. சந்தேகம் வந்தால், பங்க்கில் கட்டாயம் வைத்திருக்க வேண்டிய ஐந்து லிட்டர் அளவுப் பாத்திரத்தைக் கொண்டுவரச் சொல்வார். பின்னால் நிற்கிறவர்கள் அடிக்கும் ஹாரன் அவர் காதில் விழுந்ததே இல்லை.

குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும்போது அவர் வண்டியில் ஏறிவிடாதீர்கள். நியூட்ரலில் இறக்குவார். வண்டி தானாக ஓடும்போது பெட்ரோல் எதற்கு என்பது அவர் கேள்வி. உண்மை நேர்மாறு. இன்றைய இஞ்சின்களில் கியரில் வைத்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், இறக்கத்தில் பெட்ரோல் செலுத்துவதே நின்றுவிடும். நியூட்ரலில்தான் இஞ்சின் அணையாமலிருக்க அது கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கும். ஆக, பெட்ரோலையும் செலவழித்து, பிரேக்கையும் பழுக்கவைத்து, கூட வருகிறவர்களைக் குலதெய்வத்தை வேண்டவைத்துக் கீழே கொண்டுவந்து சேர்ப்பார்.

மருமகன் ஒருநாள் பேப்பரில் போட்டுக் காட்டினான். வருஷத்துக்கு 8,000 கி.மீ. ஓட்டுகிறவருக்கு, 10 கொடுக்கும் வண்டி 12 கொடுத்தால் 133 லிட்டர் மிச்சம். 20 கொடுப்பது 22 கொடுத்தால் மிச்சம் 36 லிட்டர்தான். இரண்டிலும் கூடியது அதே 2.

“லிட்டர் 100 ரூபான்னு வச்சாலும் மாசம் 300 ரூபாதான் மாமா மிச்சம். அதுக்காக 60,000 ரூபா கூடுதலாக் குடுத்து அந்த வண்டியை வாங்கணுமா? போட்ட காசு திரும்பவே பதினாறு வருஷத்துக்கு மேல ஆகும்.”

“அப்ப வண்டிய இருபது வருஷம் ஓட்டிட்டாப் போச்சு!”

டீசல் கதையும் இதுதான். பெட்ரோலைவிட டீசல் வெகு மலிவாக இருந்த 2012இல், லட்ச ரூபாய்க்கு மேல் கூடுதலாகக் கொடுத்து டீசல் வண்டி எடுத்தார். 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாட்டை மத்திய அரசு விலக்கிக்கொண்டது. வண்டியோ மருதமலைக்கும் கல்யாண மண்டபங்களுக்கும் மட்டுமே போய்வந்தது. தன் கணக்கு தப்பு என்று மாமா இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை. தப்பு டெல்லியில்தான் என்பார்.

பாதுகாப்பைப் பற்றிப் பேச்செடுத்தால் முகம் சுருங்கும். 2014இல் குளோபல் என்கேப் அமைப்பு நம் ஊர்ச் சின்ன கார்களை மோதவிட்டுப் பார்த்துப் பலவற்றுக்குப் பூஜ்யம் கொடுத்ததும், 2023 முதல் பாரத் என்கேப் என்று நாமே நட்சத்திரம் கொடுக்கத் தொடங்கியதும் அவருக்குத் தெரியாமல் இல்லை. “ஸ்டார் மோதுனாத்தானுங்க வேணும். பெட்ரோல் தினமும் வேணுமே!” இந்த வாதத்தில் சட்டென்று ஓட்டை கண்டுபிடிக்க முடியாததுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

கஞ்சன் என்று அவரைச் சொன்னால் அது அநியாயம். மொய் எழுதும்போது கை தாராளம்தான். காரில் பெரும்பணம் கரைவது விலைச்சரிவிலும் கடன் வட்டியிலும் இன்சூரன்ஸிலும்; அதெல்லாம் சத்தமில்லாமல் போய்விடுகிறது. பங்க்கில் மட்டும்தான் ரூபாய் கண்ணெதிரே எண்ணாக ஓடுகிறது. அந்த ஓட்டத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க மனிதரால் முடியவில்லை. இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் வேறு. லிட்டருக்கு லிட்டர் எத்தனாலில் எரிசக்தி மூன்றில் ஒரு பங்கு குறைவு என்று படித்ததிலிருந்து, தன் நோட்டில் எத்தனாலுக்கென்று தனிப் பத்தி போட்டிருக்கிறார்.

இத்தனை ஆராய்ச்சிக்குப் பிறகு வீட்டுக்கு வந்த வண்டி எது? அம்மாவின் முழங்கால் வலிக்கு சீட் உயரமாக வேண்டும், வீட்டுக்கார அம்மாவுக்குச் சிவப்பு நிறம், மகளுக்கு சன்ரூஃப். மூன்றும் இருந்த வண்டியை மூன்று பேரும் அரைமணி நேரத்தில் முடிவு செய்தார்கள். மாமாவின் பட்டியலில் அது ஏழாவது இடம். முன்பணம் கட்டும்போது, “சன்ரூஃப் தொறந்தா காத்து அடிச்சு மைலேஜ் குறையும், தொறக்கக் கூடாது” என்று மட்டும் நிபந்தனை போட்டார். மகள் தலையை வெளியே நீட்டி ஃபோட்டோ எடுத்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் கோயில் வாசலில் பூஜை. மாலை போட்டு, சந்தனம் வைத்து, நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, குருக்கள் நிதானமாக மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தார். ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி மாமா தலையை வெளியே நீட்டினார்.

“சாமி, கொஞ்சம் சுருக்கா முடியுங்க. வண்டி ஐடிலிங்ல நிக்குது.”