கோப்பை மூத்தம்மா

கல்முனைக்குடியிலோ சாய்ந்தமருதிலோ எந்த ஒழுங்கைக்குள் நுழைந்தாலும் ஒரு கோப்பை மூத்தம்மா இருப்பார். ளுஹருக்குப் பாங்கு சொல்லுமுன்னரே ஆணத்தை இறக்கி வைத்திருப்பார். ஊட்டாரில் ஒருவர்கூட இன்னும் சாப்பிட்டிருக்கமாட்டார். முதல் அகப்பை ஒரு கோப்பைக்குள் விழும், மேலே இன்னொரு கோப்பை கவிழும், நாலு வயதுப் பேரனுக்கு அழைப்பு வரும்.

"மனே, இஞ்ச வா. இதக் கொண்டுபோய்க் கிழக்கால ஊட்டு மாமிக்கிட்டக் குடுத்திட்டு வா. ஓடாத, ஊத்தாத, வழியில உறிஞ்சாத."

ஆணம் வைத்தால் கொஞ்சம் தண்ணீர் கூட்டி அண்டை வீட்டையும் கவனிக்கச் சொன்ன நபிமொழி மூத்தம்மாவுக்குத் தெரியும். தண்ணீர் விஷயத்தில் அவர் அதைச் சற்றுத் தாராளமாகவே பின்பற்றுவார் என்பது மருமகனின் அபிப்பிராயம். அதை அவர் சத்தமாகச் சொல்வதில்லை.

கோப்பையைக் கொடுத்துவிட்டு வந்தால் வேலை முடிந்தது என்று பேரன் நினைத்தால் அவன் இன்னும் பால்குடி. வாசற்படியிலேயே விசாரணை தொடங்கும்.

"ஆரு வாங்கின?"

"மாமி."

"அடுப்பு எரிஞ்சிச்சா?"

"தெரியா."

"மாமா இருந்தாரா, படுத்துக் கிடந்தாரா?"

"தெரியா."

"தெரியாவா? பொறகென்னத்துக்கு அல்லாஹ் உனக்கு ரெண்டு கண்ணத் தந்த?"

அடுத்த நடைக்குப் பிள்ளை கண்ணைத் திறந்துகொண்டு போவான். வந்து சொல்லுவான்: "மூத்தம்மா, மாமி ப்ளேன்டீக்குச் சீனி போடாமக் குடிக்கா. ராத்தாட புள்ள பால் கேட்டு அழுவுது."

மூத்தம்மா ஒன்றும் சொல்லமாட்டார். குசினிக்குள் போய், சீனியை ஒரு பையில் போட்டுக் கட்டி, பாதி அங்கர் பக்கெட்டையும் சேர்த்துப் பேரனின் கையில் கொடுப்பார். "போன மாசம் கைமாத்தா வாங்கினதாம், மூத்தம்மா மறந்துபெய்த்தாவாம், குறை நினைக்க வேணாமாம் எண்டு செல்லு."

"நாம வாங்கல்லியே மூத்தம்மா?"

"வாயப் பொத்திக்கிட்டுப் போ."

உள்ளேயிருந்து மகள் கத்துவாள். "உம்மா, புள்ளைக்குப் பொய் பழக்காதீங்க!" காலையில் மதரஸாவில் பொய் ஹறாம் என்று படித்து வந்தவனுக்கும் குழப்பம்தான். ஆனால் மாமி சீனியை வாங்கும்போது தலை குனியவில்லை என்பதை அவன் பார்த்துவிட்டு வந்திருப்பான். கடன் திரும்பி வருகிறது என்றால் தலை குனிவானேன்?

மூத்தம்மாவைப் புதினக்காரி என்று ஊர் சொல்லும். சொல்வது முழுப் பொய்யுமல்ல. எந்த வீட்டுக் கலியாணப் பேச்சு எந்தக் கட்டத்தில் நிற்கிறது, யாருடைய நகை வங்கியில் அடகு கிடக்கிறது, யாருக்கு வெளிநாட்டுக் காசு வரவில்லை என்பதெல்லாம் அவருடைய வாயில் இருக்கும். அதில் கால்வாசி தேவையில்லாதது, அரைவாசி சொல்லக் கூடாதது. இருந்தும் நான் அவர் பக்கம்தான். அடுத்த வீட்டுப் புதினம் எதுவும் வேண்டாம் என்று மதிலை உயர்த்திக் கட்டிய கண்ணியவான்களை எனக்குத் தெரியும். மிக நல்லவர்கள். மதிலுக்கு அப்பால் அடுப்பு எரியாததை அவர்கள் ஜனாஸா அறிவித்தலில்தான் அறிகிறார்கள். பிள்ளைக்கு இரக்கம் வரவேண்டுமென்றால் முதலில் அவனுக்கு விடுப்புப் பார்க்கத் தெரியவேண்டும். மூத்தம்மாவின் பாடத்திட்டம் அவ்வளவுதான்.

அவருக்கு இந்த அதிகாரம் எப்படி வந்தது என்றால், வீடு கொடுத்த வகையில். இந்தக் கரையோரத்தில் வீடு மகளுக்குச் சீதனம், மாப்பிள்ளை அதில் வந்து குடியிருப்பவர். மகளுக்குப் பெரிய வீட்டைக் கொடுத்துவிட்டுப் பின்வளவில் சிறிய வீட்டுக்கு மாறிய மூத்தம்மா, பேரப்பிள்ளைகளை மட்டும் கொடுத்துவிடவில்லை.

கட்டாரிலிருந்து லீவில் வந்த மாப்பிள்ளை ஒருமுறை மூத்தம்மாவின் பாடத்திட்டத்தைச் சீர்திருத்தப் பார்த்தார். போனில் ஏதோ வீடியோ பார்த்து, குளிர்சாதனப் பெட்டியில் ஓர் அட்டை ஒட்டினார். ஒரு உதவிக்கு ஒரு நட்சத்திரம், ஐந்து நட்சத்திரத்துக்கு ஒரு சொக்லேட். மூன்றாம் நாள் மூத்தம்மா குடிக்கத் தண்ணீர் கேட்டார். பேரன் அசையவில்லை. "எத்தின ஸ்டார்?"

"மாப்பிள," என்றார் மூத்தம்மா, "இப்பிடிப் பழக்கினா நாளைக்கு நம்மட மையத்தத் தூக்கவும் டொபி கேப்பான்."

ஜேர்மனியின் லைப்சிக் நகரில் வார்னெகென், டோமசெல்லோ என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வுக்காக ஒன்றரை வயதுப் பிள்ளைகளைச் சோதித்தார்கள். துணி காயப்போடுபவரின் கிளிப் கை நழுவி விழுந்தால், யாரும் சொல்லாமலே பல பிள்ளைகள் போய் எடுத்துக் கொடுத்தன. 2008இல் அவர்கள் இன்னொன்று கண்டார்கள். உதவியதற்குப் பரிசு வாங்கிய பிள்ளைகள், பரிசு நின்றதும் வாங்காத பிள்ளைகளைவிடக் குறைவாக உதவின. மாப்பிள்ளை இதை வாசித்திருந்தால் அட்டையைத் தானே கழற்றியிருப்பார். வாசிக்காததால் மூத்தம்மா கழற்றினார். அந்த அட்டை இப்போது தயிர்ச் சட்டிக்கு மூடி.

மூத்தம்மாவுக்கும் கோபதாபம் உண்டு. எல்லைக் கதியால் தகராறில் மேற்கு வீட்டோடு கதையில்லை, ஆணம் வருடக்கணக்காக அந்தப் பக்கம் போவதில்லை. பேரன் அந்த வீட்டைத் தாண்டும்போது கோப்பையை மறுபக்கத்துக்கு மாற்றிப் பிடிக்கக்கூடப் பழகிவிட்டான். ஆனால் அந்த வீட்டில் மையத்து விழுந்த அன்று, அங்கே அடுப்பு மூட்டமாட்டார்கள் என்று முதலில் சோறு அனுப்பியது அவர்தான். நாலாம் நாள் மறுபடி கதையில்லை.

2004 டிசம்பர் 26இல் கடல் வந்தபோது இலங்கையிலேயே அதிக உயிர்களை இழந்தது இந்த ஊர்கள் இருக்கும் அம்பாறை மாவட்டம்தான். எந்த வீட்டில் எத்தனை பேர், யார் நடக்கமாட்டாத கிழவி, எந்தப் பிள்ளை யாருடையது என்பதெல்லாம் அன்றைக்குப் புதினமாக இருக்கவில்லை. அந்தக் கணக்கைத் தலைக்குள் வைத்திருந்த மூத்தம்மாமாரிலும் பலர் போய்விட்டார்கள்.

போன நோன்பில் மாப்பிள்ளைக்குப் புதிய தலையிடி. பெருநாளைக்கென்று கட்டாரிலிருந்து கொண்டுவந்த பெரிய நிடோ டின்னைக் காணவில்லை. அலுமாரிக்கு மேல், கட்டிலுக்குக் கீழ் எல்லாம் தேடியாகிவிட்டது. கடைசியில் பேரன் வாயைத் திறந்தான். கிழக்கால ஊட்டில் கொடுத்துவிட்டானாம். வாப்பா அவர்களிடம் கைமாற்றாக வாங்கியதாம், மறந்துபோனாராம், குறை நினைக்க வேண்டாமாம்.

மாப்பிள்ளை பேச்சின்றி மாமியாரைப் பார்த்தார். மகள் உம்மாவை முறைத்தாள். மூத்தம்மா முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு பேரனைப் பக்கத்தில் இழுத்தார்.

"ஆரு வாங்கின மனே?"