வங்கக்கடலுக்கு வந்த இரண்டு கப்பல்கள்

2007 ஜூலை தொடக்கத்தில் அமெரிக்காவின் நிமிட்ஸ் சென்னைக்கு வந்தது. அணுசக்தியில் ஓடும் விமானந்தாங்கிக் கப்பல். 333 மீட்டர் நீளம். துறைமுகத்துக்குள் நுழையாமல் வெளியே கடலில் நங்கூரம் போட்டது. மாலுமிகள் படகுகளில் கரைக்கு வந்தார்கள். இடதுசாரிகள் கறுப்புக்கொடி பிடித்தார்கள், ஜெயலலிதாவும் எதிர்த்தார். கதிர்வீச்சு பற்றித்தான் ஊரெல்லாம் பேச்சு. நியாயமான பயம்தான். எனக்கோ நினைவெல்லாம் 1971 டிசம்பரில், பாகிஸ்தானோடு நடந்த போரில் இருந்தது.

அப்போது நான் ராயபுரத்தில் பள்ளிக்கூடப் பையன். அப்பா ஜன்னல் கண்ணாடிகளில் கறுப்புத்தாள் ஒட்டினார். 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் சென்னை மீது குண்டு போட்டு, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் எரிந்த கதையைப் பாட்டி மறுபடியும் சொல்ல ஆரம்பித்தாள். கடலிலிருந்து ஆபத்து வரும் என்பதை அவளுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. நம் விமானந்தாங்கிக் கப்பல் விக்ராந்தைத் தேடி வந்த பாகிஸ்தான் நீர்மூழ்கி காஸி, போர் தொடங்கிய இரவிலேயே விசாகப்பட்டினத்துக்கு வெளியே மூழ்கிப்போனது. அப்பாடா என்று மூச்சு விட்டோம்.

அதற்குள் அடுத்த செய்தி. வியட்நாம் பக்கம் நின்றிருந்த என்டர்பிரைஸ் என்ற கப்பலை, பாகிஸ்தானை ஆதரித்த அமெரிக்க அதிபர் நிக்சன் வங்கக்கடலுக்கு அனுப்புகிறார். உலகின் முதல் அணுசக்தி விமானந்தாங்கி அது. டாக்காவில் மாட்டிக்கொண்ட அமெரிக்கர்களை மீட்கத்தான் என்றார்கள். எங்கள் தெருவில் ஒருவரும் நம்பவில்லை. பெரியவர்கள் ரேடியோவைச் சுற்றி நின்ற அந்த மாலைகளில், அவர்கள் முகத்தைப் பார்த்துத்தான் நான் செய்தியைப் புரிந்துகொண்டேன்.

முப்பத்தாறு வருடம் கழித்து, அதே நாட்டுக் கப்பலைப் பார்க்க மெரினாவில் கூட்டம். செப்டம்பரில் மலபார் கடற்படைக் கூட்டுப்பயிற்சி. நிமிட்ஸும் நம் விமானந்தாங்கி விராட்டும் வங்கக்கடலில் சேர்ந்தே ஓடின. நாடுகள் பகையை விடுவது நல்லதுதான், மனதாரச் சொல்கிறேன். ஆனால் வரவேற்புரைகளில் 1971 பற்றி ஒரு வார்த்தைகூட என் காதில் விழவில்லை. அது எனக்கு வலித்தது. எதை மறந்தோம் என்று தெரிந்து கைகுலுக்குவது வேறு. எதுவும் நடக்காதது போல் குலுக்குவது வேறு.

கடற்கரைக்கு என்னோடு வந்த அக்கா மகனிடம் இதையெல்லாம் சொன்னேன். அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தவன், அவனுக்கு எல்லாமே புதுச் செய்தி.

"அப்புறம் ஏன் மாமா அவங்க சுடலை?"

சோவியத் கப்பல்களும் விளாடிவஸ்தோக்கிலிருந்து கிளம்பியிருந்தன என்றேன். என்டர்பிரைஸ் வங்கக்கடலுக்குள் வந்து சேர்ந்தபோது போர் முடிகிற கட்டம். டிசம்பர் 16 அன்று டாக்காவில் பாகிஸ்தான் தளபதி நியாஸி சரணடைந்து கையெழுத்துப் போட்டுவிட்டார்.