தலைதீபாவளிக்கு ஒரு யூனிட் ஜல்லி

கல்கத்தா மாநகரில் தலைமை அலுவலகம் கொண்டு விளங்கும் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் மேலதிகாரிகள் சமூகத்துக்கு, செங்கல்பட்டு ஜில்லாவில் வசிக்கும் மாமனார் ஒருவன் மிகுந்த வணக்கத்துடன் எழுதிக்கொள்ளும் விண்ணப்பம்.

1851-ஆம் ஆண்டில் தாமஸ் ஓல்டாம் என்னும் துரைமகனார் தலைமையில், நிலக்கரி எங்கே கிடைக்கும் என்று தேடும் பொருட்டுப் பிறந்து, அதன்பின் எந்த மலையின் வயிற்றில் எந்தத் தாது உறங்குகிறது என்பதையெல்லாம் வர்ணம் தீட்டிய படங்களாக எழுதி வைத்திருக்கும் தங்கள் இலாகாவிடம், தலைதீபாவளிக்கு மாப்பிள்ளைக்கு என்ன வாங்கிக் கொடுப்பது என்று கேட்க வந்திருப்பவன் ஒருவேளை நான் முதல்வனாக இருக்கலாம். என் பெண்ணை மணந்தவர் பூகர்ப்ப சாஸ்திரத்தில் பெரும் பிரேமை கொண்டவர். எத்தகைய பிரேமை என்றால், விவாகத்தன்று மணமகளின் பாதத்தைப் பற்றி அம்மியின்மேல் வைக்கவேண்டிய அந்தச் சுபமான க்ஷணத்தில், குனிந்த மனிதர் நிமிராமல் அம்மியையே தடவிப் பார்த்து, "இது நல்ல சார்னோகைட்" என்று புரோகிதருக்கு எடுத்துரைத்தார். அருந்ததி பார்க்க வெளியே அழைத்துச் சென்றபோது அவர் ஆகாயத்தின் பக்கம் தலை தூக்கவே இல்லை. வாசலில் கொட்டிக் கிடந்த மணலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்பேர்ப்பட்டவருக்கு உலக வழக்கப்படி மோதிரம் போடுவது சாத்தியமா என்பதை முதலில் ஆராய்ந்தேன். பூமியிலிருந்து தோண்டி எடுக்கும் வஸ்துக்களில் எங்கள் உறவினர் சபையில் செல்லுபடியாவது தங்கம் ஒன்றே என்பதால், அதில் நவரத்தினம் பதிப்பித்தால் இரு தரப்பும் திருப்தியடையும் என்று கணக்கிட்டு நகைக்கடைக்கு அவரையும் அழைத்துச் சென்றேன். முத்து சிப்பியின் உடலில் விளைந்தது, பவளம் கடற்பிராணிகள் கட்டிய கூடு, இரண்டும் கல் ஜாதியே அல்ல. எஞ்சியவற்றில் மாணிக்கமும் நீலமும் கொரண்டம் என்ற ஒரே கனிமம், நிறம் மட்டுமே வேறு. ஆகவே ஒன்பதுக்கு விலை கொடுத்து வீட்டுக்குக் கொண்டுபோவது அதைவிடக் குறைவு என்று அவர் சாவதானமாக விளக்கிய பிறகு, கடைக்காரர் எங்களுக்குக் குளிர்பானம் கொடுப்பதை நிறுத்திக்கொண்டார்.

கருவிகள் வாங்கலாமே என்று நண்பர் ஒருவர் யோசனை கூறினார். பாறை உடைக்கும் சுத்தியலை வெற்றிலை பாக்குடன் தட்டில் வைத்து நீட்டுவதற்கு என் மனைவி சம்மதிக்கவில்லை. சுண்ணாம்புக்கல்லைச் சோதிக்க உதவும் நீர்த்த அமிலம் ஒரு புட்டி என்றால் அவருக்கு ஆனந்தம்தான். ஆனால் பெண்ணைக் கட்டிக்கொடுத்த வீட்டுக்கு மாமனார் அமிலம் அனுப்பினார் என்ற செய்தி எந்தக் காவல் நிலையத்தில் எப்படிப் பதிவாகும் என்பதை எண்ணி அந்த யோசனையைக் கைவிட்டேன். பத்து மடங்கு பெரிதாக்கும் உருப்பெருக்கி அவரிடம் ஏற்கெனவே நான்கு இருக்கிறதாம்.

நம் பெரியோர்கள் இந்த விஷயத்தில் சிரமப்பட்டதாகத் தெரியவில்லை. கண்டகி நதியில் கிடைக்கும் சாளக்கிராமம், கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் இமயம் எழாத காலத்தில் அங்கே இருந்த கடலில் வாழ்ந்த அம்மோனைட் என்னும் பிராணியின் சுருண்ட கூடு படிந்த கல் என்று தங்கள் சாஸ்திரம் சொல்லுகிறது. அதை விலைக்கு வாங்கலாகாது, தானமாகவே பெறவேண்டும் என்று சாத்திரம் அறிந்தவர்கள் சொல்லுகிறார்கள். ஆக, புதைபடிவத்தை வெகுமதியாகக் கொடுக்கும் சம்பிரதாயம் தங்கள் இலாகாவைக் காட்டிலும் புராதனமானது. எங்கள் வீட்டிலும் பூஜையில் ஒன்று இருக்கிறது. ஆனால் மாப்பிள்ளை கையில் அது சேர்ந்தால், உள்ளே அறைகள் எவ்வாறு அமைந்திருக்கின்றன என்று பார்ப்பதற்காகப் பெருமாளை இரண்டாக அறுத்துவிடுவார் என்ற பயம் என் மனைவியை உறங்கவிடவில்லை.

இனித் தாங்களே கதி என்று எண்ணி, தாங்கள் தேசிய நிலவியல் சின்னங்கள் என்று பிரகடனம் செய்திருக்கும் ஸ்தலங்களுக்குத் தீர்த்தயாத்திரைபோலக் கிளம்பினேன். திருவக்கரையில் வக்கிரகாளியம்மனைத் தரிசித்துவிட்டுக் கல்மரப் பூங்காவுக்குள் நுழைந்தால், சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன் வெள்ளம் அடித்துக்கொண்டு வந்து மணலில் புதைத்த பெருமரங்கள், நார் நாராக இருந்த இடமெல்லாம் சிலிக்கா புகுந்து, வளையங்கள் மாறாமல் கல்லாகிக் கிடக்கும் அதிசயத்தைக் கண்டு மெய்சிலிர்த்தேன். மெய்சிலிர்த்துக் குனிந்தபோது காவலர் கனைத்தார். பெரம்பலூர்ப் பக்கம் சாத்தனூரில், தங்கள் இலாகாவைச் சேர்ந்த எம். எஸ். கிருஷ்ணன் அவர்கள் 1940-இல் கண்டறிந்த கல்மரம் 18 மீட்டருக்குக் குறையாத நீளத்துடன் அனந்தசயனம் செய்வதைக் கம்பிவேலிக்கு இப்பால் நின்று சேவித்தேன். ஒரு சிராய்கூட அங்கிருந்து எடுக்கலாகாது என்பது நியாயமே. ஆளுக்கொரு துண்டு எடுத்தால் அடுத்த தலைமுறை வேலியை மட்டுமே பார்க்கும் என்பதை அறியாதவன் அல்லேன்.

ஆனால் திரும்பும் வழியில் என் பேருந்தை முந்திச் சென்ற சுண்ணாம்புக்கல் லாரிகளைப் பற்றித்தான் தங்களிடம் விசாரிக்க விரும்புகிறேன். அரியலூரைச் சுற்றியுள்ள பூமி ஏறக்குறைய 7 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியாக இருந்தது என்றும், கல்லங்குறிச்சியின் சுண்ணாம்புக்கல் முழுவதும் அக்கடலின் சிப்பிகளால் நிறைந்தது என்றும் மாப்பிள்ளை சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்தச் சிப்பிகளை வெடிவைத்துப் பெயர்த்து, பொடியாக்கி, 1,450 பாகை உஷ்ணத்தில் சூளையிலிட்டு, 50 கிலோ மூட்டைகளாகக் கட்டி, தெருமுனைக் கடையில் யார் கேட்டாலும் கொடுக்கிறார்கள். ஒரு சிப்பியை நான் மடியில் கட்டிக்கொண்டால் திருட்டு. பல்லாயிரம் சிப்பிகளை மாவாக்கி மூட்டையில் கொடுத்தால் தொழில் அபிவிருத்தி. அம்மூட்டை ஒன்றில் மஞ்சள் தடவிக் குங்குமம் இட்டு மாப்பிள்ளையிடம் சமர்ப்பித்தால் பூர்வகாலக் கடல் ஒன்றையே தாரை வார்த்ததாகும் என்று ஒரு க்ஷணம் தோன்றியது. ஆனால் அவர் வாடகை வீட்டில் இருக்கிறார்.

பரங்கிமலையின் கதையும் இதுவே. அங்கும் பல்லாவரத்திலும் உள்ள கருங்கல்தான் சார்னோகைட் என்னும் வகைக்கு மூலம் என்றும், அதன் வயது சுமார் 250 கோடி ஆண்டு என்றும், அது தேசியச் சின்னம் என்றும் தாங்கள் பலகை நாட்டியிருக்கிறீர்கள். அதே குலத்துக் கருங்கல் எங்கள் ஜில்லாவில் கிரஷருக்குள் போய், ஒன்றரை ஜல்லி, முக்கால் ஜல்லி, எம்-சாண்ட் என்று அவதாரங்கள் எடுத்து, 100 கனஅடி கொண்ட யூனிட் கணக்கில் விலை போகிறது. குவாரிக்கு அனுமதி தருவது தாங்கள் அல்ல, அது வேறொரு அரசாங்கத்தின் வேறொரு இலாகா என்பதை அறிவேன். மலையின் வயதைச் சொல்வதற்கு ஓர் ஆபீசும் அதை விற்பதற்கு இன்னோர் ஆபீசும் இருப்பது ஜனநாயகத்தின் லக்ஷணம் போலும்.

பாறைகளை வெகுமதியாக அனுப்பும் வழக்கம் தங்கள் வட்டாரத்தில் இல்லாததும் அல்ல. ஜாப் சார்னாக் என்னும் கம்பெனி வர்த்தகர் கல்கத்தாவில் காலமானபோது, அவர் சமாதியின்மேல் வைக்கும் கல் சென்னைப் பக்கத்திலிருந்து கப்பலேறிச் சென்றது. 1893-இல் தங்கள் இலாகாவின் தாமஸ் ஹாலந்து அந்தச் சமாதிக் கல்லை வைத்தே அந்தப் பாறைக்குச் சார்னாக்கின் பெயரைச் சூட்டினார். இறந்த வெள்ளைக்காரருக்கு எங்கள் ஊர்க் கல்லை அனுப்பலாம், உயிரோடிருக்கும் மாப்பிள்ளைக்கு உள்ளங்கையளவு கொடுக்க வழியில்லை என்பது எந்த விதியின்பாற்பட்டது? சந்திரயானைச் சோதிப்பதற்காக, நிலவின் தரையை ஒத்த அனார்த்தசைட் பாறை வேண்டும் என்று விண்வெளிக்காரர்கள் நாமக்கல் ஜில்லாச் சித்தம்பூண்டியிலிருந்து ஏறத்தாழ 50 டன் கொண்டுபோனார்களே, அவர்களுக்காவது ஒரு தேவை இருந்தது. எனக்கிருக்கும் தேவை அதனினும் அவசரமானது.

தங்கள் சேவகரான ராபர்ட் புரூஸ் ஃபூட், 1863 மே 30-ஆம் தேதி, பல்லாவரத்தில் சரளை தோண்டிய குழி ஒன்றில் கிடந்த கல்லைக் குனிந்து எடுத்தார். அது ஆதிமனிதன் செதுக்கிய கைக்கோடரி என்று அறிந்தார். இந்தியாவின் பழங்கற்காலம் உலகுக்குத் தெரிய வந்தது. அன்றைக்கு அந்தக் குழியின் கரையில் கற்களைத் தொடாதே என்று பலகை இருந்திருந்தால் அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு நடந்திருப்பார். அவர் வருமுன் இன்னும் நாலு நாள் தோண்டியிருந்தால் கோடரி சாலைக்குள் போயிருக்கும். பலகைக்கும் லாரிக்கும் நடுவே ஒரு மனிதர் குனிவதற்குச் சற்று இடம் இருந்த காலம் அது.

அந்த இடத்தைத்தான் யாசிக்கிறேன். எப்படியும் உடைந்து சூளைக்குப் போகப்போகிற சுரங்கங்களில், வெடிச்சத்தம் அடங்கிய பின், தங்கள் இளநிலை அதிகாரி ஒருவர் கூடையுடன் நின்று, சிப்பியும் அம்மோனைட்டுமாகப் பொறுக்கி, ஊர், படிவம், வயது எழுதிய சீட்டு ஒட்டி, நியாயமான விலைக்கு ஓர் அலமாரியில் வைத்தால், என்னைப்போன்ற மாமனார்கள் வரிசையில் நின்று வாங்கிக்கொள்வோம். தங்கத்தின் விலை இப்போது இருக்கும் நிலையில் கூட்டத்தைச் சமாளிக்கத் தாங்கள் டோக்கன் கொடுக்கவேண்டிவரும்.

இதற்குக் கோப்பு எழுதி, குழு அமைத்து, குழு கல்கத்தாவில் கூடி முடிப்பதற்குள் ஐப்பசி வந்துவிடும் என்பதால், முன்ஜாக்கிரதையாக முக்கால் ஜல்லி ஒரு யூனிட்டுக்கு அச்சாரம் கொடுத்திருக்கிறேன். நடைச்சீட்டு முறைப்படி உண்டு என்று லாரிக்காரர் சத்தியம் செய்கிறார். விடியற்காலை கங்காஸ்நானம் ஆனவுடன் வாசலில் கொட்டச் சொல்லியாயிற்று. சம்பந்தி வீட்டாருக்கு என்ன பதில் சொல்வது என்பதைத் தாங்கள் கடிதத் தலைப்புடன் இரண்டு வரி எழுதி அனுப்பினால் உபகாரமாக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் பணிவுள்ள,
ஒரு மாமனார்